பெஞ்சின் மேல் ஓர் அரிசிப் பை

“மூச்சு விடாமல் கதைக்கிற பிள்ளை நீ. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சுடப் போறியோ?”

மலர் அன்ரி இப்படிக் கேட்டது, ஹரிஸ் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில். இயந்திரம் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் வாழ்க்கையின் மிகப் பெரிய ரகசியத்தை அந்தச் சத்தத்துக்கும் மேலாகக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரகசியம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நூலகத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் போய்க்கொண்டிருந்தது நூலகத்துக்கு அல்ல. குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போனால் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு சுடுதளம் வரும். அங்கே பெஞ்சின் முன் உட்கார்ந்து, ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் தாளைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தேன்.

அன்ரி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கையிலிருந்த தலையணை உறையை ஓர் உதறு உதறிவிட்டு அடுத்ததையும் சொன்னார்: “துவக்குச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு நாங்கள் கடல் தாண்டி வந்தனாங்கள். நீ ரயில் ஏறிப் போய்க் கேக்கிறாய்.”

அது சின்னத் துப்பாக்கி, முயலுக்குக்கூடக் காணாது, நாங்கள் காகிதத்தை மட்டும்தான் சுடுகிறோம் என்று விளக்கினேன்.

“காகிதம் உனக்கு என்ன செய்தது?” என்றார் அன்ரி.

ஆனாலும் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் பின்னால் எவ்வளவு பெரிய கேடாக முடிந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

மையில் எழுதிய பெயர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் வாசலை உள்ளே நின்று பார்த்த முதல் ஆள் நான். இந்தத் தொடரில் இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று பத்திரிகை ஆசிரியர் எண்ணி வைத்திருக்கிறாராம். இந்த வாரம் இன்னும் இரண்டு முறை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பாரமட்டாவில் ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அவரை வரவழைத்தவர்கள் அவருடைய கைப்பக்குவத்தைப் பார்த்தார்களே தவிர கையெழுத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அப்பா ஒரு வளைந்த கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். பார்க்க மீன் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அந்த மீனும் வராது.

நானோ தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் வாங்கி, பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அளவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு தலைமுடியின் கனத்தைப் பத்தாக வகுத்துச் சொல்வது என் வேலை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயதோ இருபதோ. உலகத்தில் அளக்க முடியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே என் மேற்பார்வையாளர் பேரி. ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார். மீதியைப் புருவத்தால் சொல்லிவிடுவார். ஒரு நாள் நான் அளந்துகொண்டிருந்ததை நெடுநேரம் பார்த்தபின், அன்றைய கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்: “உன் கை நடுங்கவில்லை. வாய்தான் ஓயாமல் நடுங்குகிறது.”

அதைத் தொடர்ந்துதான் தம்முடைய துப்பாக்கிக் கழகத்துக்கு என்னை அழைத்தார். அங்கே அவர்தான் தலைவர்.

கழகத்தில் எல்லாரும் ஒவ்வொரு குண்டையும் கையால் ஏற்றிச் சுடும் துப்பாக்கிக்காரர்கள். புதிதாக வருபவர்களுக்கென்று ஒரே ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. அது வேறு வகை. ஒரு குண்டு சுட்டதும் காலிக் கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு, அடுத்த குண்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு தடவையும் நாம் அழுத்த வேண்டும். சட்டம் மாறிவிட்டதால் இன்று என்னைப் போன்றவர்கள் அந்த வகையை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கிழத் துப்பாக்கியும் பின்னாளில் அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது அதற்குக் கழகத்தில் வைத்திருந்த பெயர் ‘தோட்டக்குழாய்’. குறி ஓர் இடத்தில் இருந்தால் குண்டுகள் சுற்றிலும் தெளிக்கும் என்பதால்.

ஒவ்வோர் ஆண்டும் கழகங்களுக்கு இடையே ஒரு போட்டி நடக்கும். தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு அதில் ஒரு தனிப் பிரிவு உண்டு. தோட்டக்குழாயை நம்பி எங்கள் கழகம் அதற்கு யாரையும் அனுப்பியதே இல்லை. யாராவது போக வேண்டுமென்றால் தேர்வில் தேற வேண்டும். ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டு, பத்து நிமிடம். ஐந்து துளைகளையும் ஓர் இருபது சென்ட் காசு மூடிவிட வேண்டும். வாத்து மூக்கு விலங்கு படம் போட்ட காசு. பெரிய காசுதான். ஆனால் ஐம்பது மீட்டர் தள்ளி வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

கழகக் கூடத்தின் பலகையில் போட்டியாளர் பட்டியல் தொங்கியது. அந்தப் பிரிவுக்கு எதிரே வெற்றிடம். மூன்றாவது வாரமே நான் அதில் என் பெயரை எழுதிவிட்டேன். முழுப் பெயர், அப்பாவின் பெயரின் முதல் எழுத்தோடு. நீல மையில்.

பேரி அதைப் பார்த்தார். பென்சிலால் எழுதியிருக்கலாம் என்றார். தேறாவிட்டால் பருவம் முடிகிற ஞாயிறன்று அளவுகோல் வைத்து அடித்துவிட வேண்டியிருக்கும், அதுதான் வழக்கம் என்றும் சொன்னார்.

எங்கள் குடும்பத்திலேயே எழுதத் தெரிந்த ஒரே ஆளின் பெயர் அது. அதை ஒருவர் அளவுகோல் வைத்து அடிப்பதா? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது.

அரிசிக்கு வந்த வேலை

பெஞ்சிலிருந்து சுடுவது சுலபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். துப்பாக்கியைத் தாங்க வேண்டாம், எல்லாம் மூட்டைமேல் இருக்கிறது. உண்மைதான். ஆனால் தாங்க வேண்டிய வேலை போனதும், வேறு நூறு வேலை வந்துவிடும்.

முன்பக்கம் ஒரு மணல் மூட்டை. துப்பாக்கியின் முன்கட்டை ஒவ்வொரு குண்டுக்கும் அதே இடத்தில் அதன்மேல் படுத்திருக்க வேண்டும். அரை அங்குலம் முன்னே பின்னே போனால் தாளில் தெரிந்துவிடும். பின்பக்கம், தோளுக்கு அருகே, கட்டையின் அடியில் ஒரு சின்னப் பை. வலது கை விசையில் இருக்கும். இடது கைக்கு வேலை அந்தப் பையைப் பிடித்திருப்பது. பையை அமுக்கினால் கட்டை எழும், குறி இறங்கும். தளர்த்தினால் குறி ஏறும். மாவு பிசைகிற பதம்தான், ஆனால் மயிரிழை மயிரிழையாக.

கழகத்தின் பின்பையை எலி கடித்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. நானே ஒன்று தைத்தேன். அப்பாவின் பழைய சமையலறைச் சட்டை, கட்டம் போட்டது. மணலுக்கு எங்கே போவது? சமையலறைக்குப் போனேன்.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது நிரப்பவில்லை. வாரம் ஒரு பொருளாக நிரப்பிச் சுட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். பாசிப்பயறு வழுக்கியது. கடுகு உருண்டு ஓடியது, பிடித்த பிடி நிற்கவில்லை. ரவை தையல் வழியே கசிந்து பேரியின் கறுப்புக் காற்சட்டையில் கோலம் போட்டது. பச்சரிசி பரவாயில்லை. புழுங்கலரிசிதான் சொன்ன சொல் கேட்டது. அமுக்கினால் அமுங்கும், நிறுத்தினால் அப்படியே நிற்கும்.

வீட்டில் டப்பாக்கள் இறங்கிக்கொண்டே போவதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பழி எலிமேல் விழுந்தது. அப்பா ஒரு பொறி வாங்கிவந்து அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். எலியே இல்லாத வீட்டில் அந்தப் பொறி மூன்று வாரம் பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில் மாட்டியது அப்பாவின் கால் கட்டைவிரல்.

அந்த மாதங்களில் நான் கண்டுபிடித்த மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தோட்டக்குழாயின் மரக்கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளும் ஆளுக்கொரு முறுக்கில் இருந்தன. அவற்றை ஒரே மாதிரி முறுக்கி வைத்ததுமே தெளிப்பு பாதியாகக் குறைந்தது. எல்லாக் கடைக் குண்டுகளும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவராது. ஐந்தாறு வகை வாங்கிச் சுட்டுப் பார்த்து, அதற்குப் பிடித்ததை மட்டும் கொடுத்தேன். குண்டு போனதும் விசையிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்துவிடக் கூடாது. காலிக் கூடு தரையில் விழும் ‘டிங்’ சத்தம் கேட்கும்வரை அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அந்த ‘டிங்’ வரவில்லை. சூடான கூடு என் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. நான் ஆடிய ஆட்டத்தை எட்டு பெஞ்சிலும் நின்று பார்த்தார்கள். துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் குதிக்க ஆரம்பித்தேன் என்பதற்காகப் பேரி என்னைப் பாராட்டினார். புருவத்தால்.

ஓடிப்போகும் ஒரு குண்டு

இவ்வளவு செய்தும் ஒன்று மட்டும் அடங்கவில்லை. ஐந்தில் நான்கு துளைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். ஐந்தாவது ஒன்று, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவனைப் போல, இரண்டு விரல் தள்ளித் தனியாக நிற்கும். ஒவ்வொரு வாரமும்.

கடைசிக் குண்டுக்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது என்றார் பேரி. மூச்சு தீர்ந்துபோகிறது என்றார் மலர் அன்ரி, துணி மடித்துக்கொண்டே. நானும் அப்படித்தான் நினைத்துக் கடைசிக் குண்டை நாலு வாரம் தாலாட்டிப் பார்த்தேன். பயனில்லை.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் தொலைநோக்கியில் தாளைப் பார்த்து, எந்தத் துளை எப்போது விழுந்தது என்று நோட்டில் வரைந்தேன். மூன்று தாள் வரைவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஓடிப்போனது கடைசிக் குண்டு அல்ல. முதல் குண்டு.

முதல் குண்டுக்கும் மற்ற நான்குக்கும் என்ன வித்தியாசம்? மற்ற நான்கையும் துப்பாக்கியே ஏற்றிக்கொள்கிறது. முதலாவதை நான் ஏற்றுகிறேன்.

இங்கே கொஞ்சம் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வேலை முடிந்து வர நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால் காலையில் அவர் தூங்குவார். எங்களுக்கு நேர் கீழே உணவக முதலாளியின் வீடு. ஆகவே எங்கள் வீட்டில் சத்தம் என்பது ஒரு குற்றம். கதவைச் சாத்தினால் பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தாழ் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கையை விட வேண்டும். பாத்திரத்தை வைத்தால் முதலில் ஓரம், பிறகு அடி. “பொம்பளப் புள்ள இருக்கற வீடுன்னு வெளிய தெரியக் கூடாது, அவ்வளவு அமைதியா இருக்கணும்” என்பாள் அம்மா. வாயைத்தான் அவளால் சாத்த முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் சத்தமில்லாமல் சாத்துவேன்.

தோட்டக்குழாயையும் அப்படித்தான் சாத்திக்கொண்டிருந்தேன். குண்டை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டைப் பக்கத்துப் பிடியால் பின்னால் இழுத்து, குண்டோடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டே, தூங்கும் வீட்டின் கதவைப் போல மெல்ல மெல்ல முன்னே கொண்டுபோய் விடுவேன். அந்த முதல் குண்டு அதன் இடத்தில் சரியாகப் போய் உட்காரவே இல்லை. மற்ற நான்கையும் துப்பாக்கி தானே படாரென்று அறைந்து உட்காரவைத்தது.

அடுத்த ஞாயிறு போல்ட்டை முழுக்க இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். படார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கீழ்வீட்டு முதலாளியம்மா படியேறி வருவார் என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

ஐந்து துளைகளும் ஒன்றாக இருந்தன. பேரி காசை வைத்துப் பார்த்துவிட்டு, இது தேர்வு நாள் இல்லையே என்றார். இருக்கட்டும். இருபது ஆண்டாகத் தோட்டக்குழாயைச் சுட்டவர்கள் கண்டுபிடிக்காததை, எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் கண்டுபிடித்தாள்.

(இது ஒன்று. இன்னும் ஒன்று பாக்கி.)

முச்சந்தி

தேர்வுக்கு முந்தின நாள் வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உங்களுக்கும் அந்தக் குழப்பம் எதற்கு? இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். துவைப்பதற்காக என் தோள்பையை அம்மா காலி செய்தாள். உள்ளே ஒரு சின்னத் துணிப்பொதி. நாலு பக்கமும் இறுக்கித் தைத்தது. அப்பாவின் சட்டைத் துணி. மோந்து பார்த்தால் கருகிய வாடை. ஒரு தையலைப் பிரித்தால் உள்ளே புழுங்கலரிசி.

அம்மாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. செய்வினை.

யோசித்துப் பாருங்கள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. புருஷனின் உடுப்பு, வீட்டு அரிசி, தீய்ந்த நாற்றம், மகளின் பை. எங்கள் ஊரில் இதைவிடக் குறைந்த சாட்சியத்துக்கு, ஓர் எலுமிச்சம்பழத்துக்கும் இரண்டு முடிக்கும், ஒரு தெருவே மூன்று நாள் வாசல் தெளிக்காமல் கிடந்திருக்கிறது. எலியில்லாமல் அரிசி குறைந்தது, அப்பாவின் கால்விரல் நசுங்கியது, நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டது, எல்லாம் அவளுக்கு வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது.

பொதியை முறத்தில் வைத்துக்கொண்டு மலர் அன்ரியிடம் ஓடியிருக்கிறாள். அன்ரிக்கு அது என்ன என்று நன்றாகத் தெரியும். ஆனால் சத்தியம் செய்திருக்கிறாரே. பொதியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், “எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா, நான் இதைப் பற்றிக் கதைக்க மாட்டன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அதோடு அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. வாயில் சொல்லவே பயப்படும்படியான செய்வினை.

இதற்கெல்லாம் அம்மாவிடம் மருந்து உண்டு. முதலில் அந்த அரிசியை மூன்று தெரு கூடும் இடத்தில் கொட்ட வேண்டும். ஹரிஸ் பார்க்கில் ஒரு முச்சந்தியைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் நின்று, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசியிருக்கிறாள். பின்னால் ஒரு கார் நெடுநேரம் ஹார்ன் அடித்ததாம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அவள் பார்க்கவில்லை.

பிறகு கல்லுப்பு, கடுகு, காய்ந்த மிளகாய். தூங்கிக்கொண்டிருந்த என் தலையை மூன்று முறை சுற்றி, ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு எல்லாம் சொல்லி முடித்தாள். வழக்கமாக அதை அடுப்பில் போடுவாள். ஆனால் வினை எந்தப் பையில் வந்ததோ காவலும் அந்தப் பையிலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மிளகாயைக் காரம் வெளியே வரும்படி நன்றாகக் கசக்கி நொறுக்கி, எல்லாவற்றையும் பையில் திணித்து, பழையபடி தைத்து, எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டாள்.

ஐந்தாவது குண்டு

பருவத்தின் கடைசி ஞாயிறு, தேர்வு நாள். காலையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பேரி எனக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்றார். அவர் சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு குட்டி அளவுகோலும் எட்டிப் பார்த்தன. வழக்கத்துக்குத் தயாராக வந்திருந்தார்.

பை கொஞ்சம் கனமாக இருந்தது. அமுக்கினால் நறநறவென்றது. ஈரத்தில் அரிசி இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போல்ட்டை இழுத்துக் கையை விட்டேன். படார். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தேன், பையை அமுக்கிக் குறியை இறக்கினேன், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். சுட்டேன். டிங்.

நல்ல குண்டு. அது எனக்குத் தெரிந்தது. கூடவே மூக்குக்குள் யாரோ ஒரு தீக்குச்சியை உரசியதும் தெரிந்தது.

பெஞ்சிலிருந்து சுடுகிறவளின் மூக்குக்கும் பின்பைக்கும் ஒரு சாண் தூரம்தான். குறியை ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் நான் என் கையாலேயே என் முகத்துக்கு மிளகாய்ப் பொடியை ஊதிக்கொண்டிருந்தேன்.

விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுத் தும்மினேன். மூன்று முறை. இரண்டாவது குண்டு. மறுபடி தும்மல். மூன்றாவது. கண்ணீர் தாடையில் வடிந்தது. பக்கத்து பெஞ்சில் ஒருவர் இருமத் தொடங்கினார். நான்காவது குண்டு போனபோது அவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவரும் தும்மினார், அவருக்கு அடுத்தவரும். மேலே தகரக் கூரை, முதுகுப் பக்கம் சுவர். காரம் போக வழியில்லாமல் வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டு போனது.

பேரி இருமிக்கொண்டே எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். சுடுதளத்தில் நிறுத்து என்றால் நிறுத்துதான். எல்லாத் துப்பாக்கிகளும் காலியாக, வாய் திறந்து பெஞ்சில் கிடக்க வேண்டும். தோட்டக்குழாய் தானாக ஏற்றி வைத்திருந்த ஐந்தாவது குண்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கி ஏற்றிய குண்டு இனி இல்லை. ஐந்தாவது குண்டையும் நானே ஏற்ற வேண்டும். அதுவும் முதல் குண்டாகிவிட்டது. ஓடிப்போகும் குண்டு.

எட்டுப் பேரும் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்கள். மூன்று நிமிடம் பாக்கி என்று விரலால் காட்டினார் பேரி.

குண்டை வைத்து போல்ட்டை இழுத்தேன். கண் எரிகிறது, எதிரே எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. பதற்றத்தில் மனிதர்கள் பழைய பழக்கத்துக்குப் போய்விடுவார்கள். என் விரல்கள் போல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, தானாகவே, மெல்ல மெல்ல முன்னே கொண்டுபோக ஆரம்பித்தன. அப்பா தூங்குகிறார். கீழே முதலாளி வீடு. பொம்பளப் புள்ள இருக்கற வீடு.

பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன். மறுபடி கடைசிவரை இழுத்தேன். கையை விட்டேன்.

படார்.

மூச்சை இழுத்தால் தும்முவேன். ஆகவே இழுக்கவில்லை. பையை அமுக்கினால் காரம் பறக்கும். ஆகவே ஒரே அமுக்கு, குறி எங்கே வந்து நின்றதோ அங்கேயே சுடுவது என்று முடிவு செய்தேன். குறி வட்டத்துக்குள் வந்தது. விரலை அழுத்தினேன். அழுத்திப் பிடித்தபடியே இருந்தேன். டிங். துப்பாக்கியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு தும்மிய தும்மலில் என் நெற்றி பெஞ்சில் மோதியது.

பேரி போய்த் தாளை எடுத்துவந்து பெஞ்சில் விரித்தார். காசை எடுத்து வைத்தார். ஒரு நூலளவு இடது பக்கம் நகர்த்தினார். குனிந்து சுற்றிலும் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. நெகிழ்ச்சி எல்லாம் இல்லை, மிளகாய்.

காசுக்கு வெளியே ஒரு துளையும் இல்லை.

அடுத்தபடி பையைக் கையில் எடுத்து, தூரமாகப் பிடித்துக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் தெரியாதே. ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உப்பு, கடுகு, மிளகாய். பார்த்ததும் அம்மாவின் கை தெரிந்துவிட்டது. இது பொல்லாத கண் படாமல் இருக்க எங்கள் அம்மா வைத்தது என்று விளக்கினேன்.

“யாருடைய கண்?” என்றார் பேரி.

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எட்டு ஆண்கள் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“உங்கள் எல்லாருடையதும்தான்” என்றேன்.

அவர் பலகையிடம் போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அளவுகோலை எடுக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். அன்றைக்கு அவருடைய ஆறு வார்த்தையில் இரண்டு மிச்சமிருந்திருக்க வேண்டும். “மை நல்லதுதான்” என்றார்.

வீடு

அன்று மதியம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நூலகம் பொய், துப்பாக்கி நிஜம், பை என்னுடையது, நானே தைத்தது. அடி விழும் என்று எதிர்பார்த்து அடுப்படி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொன்னேன்.

அம்மா கரண்டியை வைத்தாள். முதலில் ஓரம், பிறகு அடி. சத்தமே இல்லை. சுவரில் சாய்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“துப்பாக்கிதானா? நான் செய்வினைன்னுல்ல பயந்துட்டேன்.”

அப்பா தம் கால் கட்டைவிரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எலி இல்லையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்து போய்ப் பொறியை எடுத்துக் குப்பையில் போட்டார்.

மலர் அன்ரி சாயங்காலம் வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து விஷயம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு என்னிடம் குனிந்து, “காகிதம் செத்துதோ?” என்று கேட்டார்.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் விண்ணப்பத்தை நிரப்பித் தபால்பெட்டியில் போட்டேன். மையில்தான். அன்று சாயங்காலமே அப்பாவின் சட்டையின் இன்னொரு கையை வெட்டிப் புதுப் பை தைத்தேன். இந்த முறை சல்லடையில் சலித்த நல்ல மணல். வீட்டு டப்பா எதையும் தொடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (கணக்கு முடிந்தது.) அளந்து பார்க்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை. செய்வினையாவது, கண்ணேறாவது.

மணலை நிரப்பி, மூன்று பக்கம் தைத்து முடித்து, நான்காவது பக்கத்தை மூடும் முன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரே ஒரு காய்ந்த மிளகாயை, காம்போடு, நொறுங்காத முழு மிளகாயாகப் பார்த்து எடுத்து, மணலுக்கு நடுவில் ஆழமாகச் செருகித் தைத்துவிட்டேன்.